கல்லுக்குள் கரியமில வாயு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் குவாரிகளில் ஜல்லியாக உடைபடும் கருங்கல்லுக்குள் 55 கோடி ஆண்டுப் பழைய வாயு அடைபட்டுக் கிடக்கிறது. அது வந்த வழியைத் தேடிப் புறப்பட்டவர்கள், இன்று உலகம் கேட்கும் ஒரு கேள்வியை 40 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று வரிசையாக ஊர்கள். பிறகு நெய்யாற்றுப் பாலம், அப்புறம் நெய்யாற்றின்கரை. பேச்சு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடுவதில்லை. டீக்கடையில் மலையாளத்தில் ஆரம்பிக்கும் வாக்கியம் தமிழில் முடியும். யாரும் கவனிக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு இது.

தண்ணீருக்கு இந்தக் கோடு உண்டு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது. 2012-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கல்லுக்கும் கோடு உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கேரளத்துக்குப் போகும் லாரிகளை நிறுத்தக் கோரி நடந்த மறியல்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த செய்தி. விழிஞ்ஞம் துறைமுகத்தின் சுமார் 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் தாமதமானதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பாறை கிடைக்காததும் ஒன்று. 2015 டிசம்பரில் வேலை ஆரம்பித்த அந்தத் துறைமுகம் 2025 மே மாதம்தான் முறைப்படி திறக்கப்பட்டது.

ஆனால் பூமிக்கடியில் ஒருகாலத்தில் ஓடிய இன்னொன்றின் கதையும் இந்தக் கல்லில் இருக்கிறது. அதற்கு மாநில எல்லை கிடையாது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்துக் கதை அது.

இந்த வட்டாரத்தில் குவாரியைப் ‘பாறமட’ என்பார்கள். (பாறசாலை என்ற பெயரிலேயே பாறை இருப்பதுபோல் தமிழ்க் காதுக்குக் கேட்கும். ஊர்ப் பெயருக்கு வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள். அதில் இறங்க வேண்டாம்.) வெட்டிய முகத்தை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நிறம் தெரியும். ஒன்று, கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடும் பாறை. வெளிறிய வரிகளுக்கு நடுவே கறுப்பு மைக்கா பளபளக்கும், சிவப்புக் கார்னெட் மணிகள் தெறித்திருக்கும். இதை நைஸ் என்கிறார்கள். இன்னொன்று, எண்ணெய் தடவினாற்போல் பச்சையும் பழுப்புமாக மினுங்கும் கருங்கல். இதன் பெயர் சார்னோகைட்.

அந்தப் பெயருக்கே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று ஆங்கிலேயர்கள் கொண்டாடிய ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் கிடத்திய கல், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்லறைப் பலகையை ஆராய்ந்து, இந்த வகைப் பாறைக்கே சார்னோக்கின் பெயரை வைத்தார். பரங்கிமலையில் வெட்டி, கல்கத்தாவில் பெயர் பெற்ற கல்! இன்று அண்டார்டிகா முதல் நார்வே வரை எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான்.

கன்னியாகுமரியிலிருந்து வடக்கே பார்த்தால் நாகர்கோவில் சுற்றிலும் சார்னோகைட் மலைகள். எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள் போனால் நைஸும் கொண்டலைட் என்ற பாறையும் அதிகம், நடுநடுவே சார்னோகைட். புவியியலாளர்கள் இதைக் கேரளக் கொண்டலைட் பகுதி என்று குறிப்பிடுகிறார்கள். வரிப்பாறைக்கு நடுவே, விரிசல்களை ஒட்டி, கை அகலத்துக்கும் முழ நீளத்துக்கும் பச்சைக் கறுப்புத் திட்டுகள் தெரிகிற சில குவாரிகள்தான் உலகத்தின் கண்ணில் இந்தப் பகுதியைக் கொண்டு வந்தன. நைஸின் வரிகள் அந்தத் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கி, கரைந்து, காணாமல் போகும். துணியில் எண்ணெய் ஊறினாற்போல் இருக்கும். ஒரு பாறை இன்னொரு பாறையாக மாறிக்கொண்டிருந்தபோது யாரோ பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

பிச்சமுத்து போட்ட முதல் புள்ளி

இந்தப் ‘பாதியில் நின்ற’ காட்சியை உலகுக்கு முதலில் காட்டியவர் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு மைசூர்ப் புவியியலாளர், சி. எஸ். பிச்சமுத்து. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் ஒரு குவாரியில் பார்த்ததை 1960-ல் ‘நேச்சர்’ இதழில் சின்னக் கட்டுரையாக எழுதினார். உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்பதுதான் தலைப்பின் பொருள். இரண்டே பக்கம். அதுவரை சார்னோகைட் என்றால் உருகிய குழம்பு ஆறி இறுகியது என்று ஒரு கட்சி, பழைய பாறை வெந்து மாறியது என்று இன்னொரு கட்சி. குறைந்தபட்சம் ஒரு இடத்திலாவது பழைய பாறை கண்ணெதிரே மாறியிருக்கிறது என்று பிச்சமுத்து காட்டிவிட்டார்.

எது மாற்றியது? இதற்குப் பதில் சொல்லப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1971-ல் ழாக் தூரே, தெற்கு நார்வேயின் இதே வகைப் பாறைகளில் குவார்ட்ஸ் படிகங்களுக்குள் நுண்ணிய குமிழிகளைக் கண்டார். பாறையின் உள்ளே குமிழி இருந்தால் தண்ணீர் இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. இருந்ததோ கரியமில வாயு. 1979-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ஜனார்த்தன், சிகாகோவின் ராபர்ட் நியூட்டன் ஆகியோர் கப்பல்துர்காவுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் கேட்க எளிமையானது. மைக்காவுக்குள் கொஞ்சம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. அடியாழத்திலிருந்து கரியமில வாயு புகுந்து பாறையின் துவாரங்களை நிறைத்தால், அங்கிருக்கும் தண்ணீர் நீர்த்துப்போகிறது. மைக்காவும் குவார்ட்ஸும் சேர்ந்து ஹைபர்ஸ்தீன் என்ற தண்ணீரற்ற கனிமமாகவும் ஃபெல்ட்ஸ்பாராகவும் மாறுகின்றன. ஈரத் துணியை வெயிலில் போடாமல் காற்று ஊதி உலர்த்துவதுபோல. உலர்ந்த பாறைதான் சார்னோகைட்.

கப்பல்துர்கா சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கதை. கேரளத்தில் நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன். ஆக, இது ஒரு தடவை நடந்த விபத்தல்ல. பூமியின் அடித்தளம் அவ்வப்போது செய்கிற வேலை என்று ஆயிற்று. அதனால்தான் கேரளக் குவாரிகளுக்கு மவுசு வந்தது.

ஆக்குளத்துக்காரர்கள்

1978-ல் கேரள அரசு புவி அறிவியல் ஆய்வு மையம் ஒன்றை ஆரம்பித்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து வந்த சி. கருணாகரன் அதன் முதல் இயக்குநர். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் இந்த மையத்தை 2014-ல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் எடுத்துக்கொண்டது. ஒரு மாநில அரசு தன் செலவில் இப்படியொரு நிறுவனம் நடத்தியது அந்தக் காலத்தில் அபூர்வம்தான். மழை, நிலச்சரிவு, கடலரிப்பு என்று ஊருக்கு உடனே பயன்படும் வேலைகளுக்கு நடுவே, 20 கிலோமீட்டர் ஆழத்தில் என்ன நடந்தது என்று கேட்பதற்கும் அங்கே ஆளும் இடமும் இருந்தன.

மையத்தின் ஜி. ஆர். ரவீந்திரகுமார், மைசூரின் சி. ஸ்ரீகண்டப்பா, அமெரிக்காவின் எட்வர்ட் ஹான்சன் ஆகிய மூவரும் பொன்முடியில் பார்த்த திட்டுகளைப் பற்றி 1985-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1987-ல் தென்னிந்தியாவோடு இலங்கையையும் சேர்த்து இன்னொரு கட்டுரை வந்தது. அதில் இலங்கைப் புவியியலாளர் பிரேமும் உண்டு. மன்னார் வளைகுடாவுக்கு இரு பக்கமும் ஒரே கையெழுத்து.

அந்த மையத்தில் தன் வேலையைத் தொடங்கியவர்களில் எம். சந்தோஷ் இந்தக் குமிழிகளையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். கேரளப் பல்கலைக்கழகம், ரூர்க்கி, பிறகு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பின்னால் ஜப்பானின் ஷிகோகு தீவில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊரின் பெயரும் கொச்சி. அங்கிருந்து பெய்ஜிங் சீனப் புவி அறிவியல் பல்கலைக்கழகம். 1997-ல் அவர் முன்நின்று ஆரம்பித்த ‘கோண்டுவானா ரிசர்ச்’ இதழ் இன்று இத்துறையில் முன்னணியில் இருக்கிறது. இப்படி ஊர் ஊராகப் போன ஒரு விஞ்ஞானியின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல்: கரியமில வாயு.

அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பது சொல்லத் தகுந்தது. பாறையைச் சீவி, இரு பக்கமும் மெருகேற்றி, வெளிச்சம் ஊடுருவும் தகடாக்குவார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் குவார்ட்ஸிலோ கார்னெட்டிலோ ஒரு குமிழியைத் தேடுவார்கள். பெரிய குமிழி என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். தகட்டைத் திரவ நைட்ரஜன் கொண்டு மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிரூட்டினால் உள்ளே இருப்பது உறையும். பிறகு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மைனஸ் 56.6 டிகிரியில் அது உருகினால் சந்தேகமே இல்லை, சுத்தமான கரியமில வாயு. வேறு ஏதாவது கலந்திருந்தால் முன்னதாகவே உருகிவிடும். இன்னும் சூடேற்றிக்கொண்டே போனால், குமிழிக்குள் வாயுவும் திரவமுமாக இரண்டாகத் தெரிந்தது ஒரு கட்டத்தில் ஒன்றாகிவிடும். அந்த டிகிரி, அடர்த்தியைச் சொல்லும். அடர்த்தி, அழுத்தத்தைச் சொல்லும். அழுத்தம், ஆழத்தைச் சொல்லும். ஒரு குமிழிக்குப் பொறுமையாக உட்கார வேண்டும். நூற்றுக்கணக்கான குமிழிகளைப் பார்த்தால்தான் ஒரு குவாரியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதலாம்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். தமிழில் திரவம் என்றால் வாயு கோபித்துக்கொள்ளும், வாயு என்றால் திரவம். அந்த ஆழத்தில், 700 டிகிரி வெப்பத்தில், கரியமில வாயு இரண்டுமே இல்லை. தண்ணீர்போல் கனம், காற்றுபோல் ஓட்டம். பாடநூல்காரர்கள் உண்டாக்கிய ‘பாய்மம்’ என்ற சொல்தான் பொருத்தம். பாய்வது எதுவானாலும் பாய்மம். இத்தனை நாள் பரீட்சைத் தாளோடு நின்ற சொல்லுக்கு இங்கே வேலை வந்துவிட்டது.

வாயு எங்கிருந்து வந்தது?

அடுத்த சண்டை இதுதான். பூமியின் மேன்டில் அடுக்கிலிருந்து புறப்பட்டு வந்ததா? பாறையிலேயே இருந்த கரியிலிருந்து எழுந்ததா? கரிக்கு இங்கே பஞ்சமில்லை. நெடுமங்காடு பக்கம் வெள்ளநாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிராஃபைட் சுரங்கம் நடந்திருக்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி.

கரியின் ஊரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கார்பனில் எடை 12 உள்ளது, 13 உள்ளது என்று இரண்டு நிலையான ஐசோடோப்புகள். செடிகொடியிலிருந்து வந்த கரியில் 13 குறைவாக இருக்கும். மேன்டில் கார்பனில் அதைவிட அதிகம், சுண்ணாம்புக் கல்லில் இன்னும் அதிகம். 1988-ல் பிரிட்டனின் டேவிட் ஜாக்சன், மேட்டி, ஹாரிஸ் மூவரும் தென்னிந்தியச் சார்னோகைட்டின் குமிழிகளை உடைத்து இந்தக் கணக்கை எடுத்தார்கள். 1993-ல் சந்தோஷும் ஜப்பானின் ஹிதேகி வாடாவும் இன்னொரு காரியம் செய்தார்கள். ஒரு கிராஃபைட் படிகத்தின் உள்ளுக்கும் விளிம்புக்கும் ஐசோடோப்பு அளவு எப்படி மாறுகிறது என்று நுண்ணளவில் பார்த்தார்கள். உள்ளே ஒரு கணக்கு, ஓரத்தில் வேறு கணக்கு. வெளியிலிருந்து வந்த வாயு குறிப்பிட்ட வாய்க்கால்கள் வழியே புகுந்து பழைய கரியின் மேல் புதுக் கரியைப் படிய வைத்தது என்பது அவர்கள் வாதம். சட்டியின் அடியில் பிடித்த கரி எந்த விறகில் வந்தது என்று கேட்பதுபோல் இருக்கிறது, இல்லையா? கிட்டத்தட்ட அதுதான்.

எனக்கு இந்த வரிசையில் அதிக முக்கியம் என்று படுவது நுளியம் என்ற இடத்தைப் பற்றி ஜாக்சனும் சந்தோஷும் 1992-ல் எழுதியது. அவர்கள் கேட்டது வாயு வந்ததா இல்லையா என்பதோடு நிற்கவில்லை. புகுந்த வாயு பாறையை உலர்த்தியபடி எவ்வளவு தூரம் முன்னேறியது? அது கொண்டுவந்த ஐசோடோப்பு எவ்வளவு தூரம் போனது? இந்த இரண்டு ‘முனை’களும் ஒரே வேகத்தில் போவதில்லை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது ஈரம் ஒரு தூரமும் அதில் கரைந்த உப்பு இன்னொரு தூரமும் போவதுபோல. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் எவ்வளவு பாய்மம், எப்படி ஓடியது என்று கணக்குப் போடலாம். முழு மலையையும் வாயு நனைக்கவில்லை. விரிசல் பிடித்த இடத்தில் மட்டும் ஓடியிருக்கிறது.

எல்லை ஊர்களில் கிணறு வெட்டியவர்களுக்கு இது புது விஷயமில்லை. மேலே வெட்டுகல் எனப்படும் செம்பாறை. அது தண்ணீரை உறிஞ்சும். அதற்குக் கீழே கருங்கல் வந்துவிட்டால் விரிசல் இருந்தால் ஊற்று, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வீட்டில் 30 அடியில் தண்ணீர், வேலிக்கு அந்தப் பக்கம் 300 அடி போர் போட்டும் புழுதி என்பது சகஜம். தண்ணீரோ வாயுவோ, கல்லுக்குள் சட்டம் ஒன்றுதான்.

நுளியம் போன்ற இடங்களில் இன்னொரு விசேஷம், சுண்ணாம்பு கலந்த பாறை. எம். சதீஷ்குமார் — இன்று ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் — தென் கேரளத்து இந்தப் பாறைகளையே ஆராய்ந்தார். கால்சைட்டும் குவார்ட்ஸும் கடும் வெப்பத்தில் சேர்ந்தால் வோலஸ்டனைட் என்ற கனிமம் உண்டாகும். கரியமில வாயு வெளியேறும். வெப்பம் தணிந்து, வாயு மறுபடி புகுந்தால் வோலஸ்டனைட் பழையபடி கால்சைட்டாகவும் குவார்ட்ஸாகவும் திரும்பும். அதாவது, கல் வாயுவை விடவும் செய்கிறது, திரும்ப விழுங்கவும் செய்கிறது. அவரும் சந்தோஷும் 1998-ல் எழுதிய கட்டுரை, வாயு உட்புகுந்ததன் தடயத்தை இந்தச் சுண்ணாம்புப் பாறைக்கும் சார்னோகைட்டுக்கும் நடுவே தேடியது.

எதிர்க்கட்சி

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. அமெரிக்காவின் லாம்ப், வேலி இருவரும் 1984-லேயே நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைப் பாறைகளைக் காட்டி, அங்கே கரியமில வாயு வெள்ளம் ஓடியிருக்கவே முடியாது என்றார்கள். சிலர் குமிழிகளையே சந்தேகித்தார்கள்: பாறை மேலே ஏறி வரும்போது பின்னால் புகுந்த வாயுவாக இருக்கலாம், அல்லது தண்ணீர் கசிந்துபோய் வாயு மட்டும் மிஞ்சியிருக்கலாம். பாறை கொஞ்சம் உருகினாலே போதும், அந்தக் குழம்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வாயு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

வீட்டுக்குள்ளேயும் சண்டை. ஸ்ரீகண்டப்பா, ஜெர்மனியின் மிஷேல் ரைத்தோடு சேர்ந்து கொல்லம் மாவட்டத்துக் கோட்டவட்டம் குவாரியை ஆராய்ந்து 1993-ல் எழுதினார். பாறை மேலெழும்போது விரிசல் விட்டது, விரிசலில் அழுத்தம் குறைந்தது, உள்ளே இருந்த பாய்மமே வெளியேறிப் பாறையை உலர்த்தியது. வெளியூர் வாயு தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. 1985-ல் பொன்முடிக் கட்டுரையில் கையெழுத்திட்டவரும் அவரே. ராபர்ட் நியூட்டனும் தன் பழைய கட்சியில் அப்படியே நின்றுவிடவில்லை. 1998 வாக்கில் வாயுவோடு கடும் உப்பு நீரும் ஓடியிருக்க வேண்டும் என்று எழுதினார். உப்பு நீர் கனிமங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். வாயுவால் அது முடியாது. குவாரிச் சுவரின் முன் நின்று பார்த்தால், எல்லா இடத்துக்கும் ஒரே விடை என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு என்று தோன்றும். ஓரிடத்தில் திட்டு விரிசலை விட்டு நகரவில்லை. இன்னோரிடத்தில் மலை முழுக்கச் சார்னோகைட்.

இப்போது எதற்கு?

இதெல்லாம் 55 கோடி ஆண்டு விவகாரம், இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். அனல் மின் நிலையமும் சிமென்ட் ஆலையும் விடும் கரியமில வாயுவைப் பிடித்து, பூமிக்கடியில் அடைத்து வைக்க உலகம் முயற்சி செய்கிறது. பிடிப்பது இன்ஜினியர் வேலை. தமிழ்நாட்டிலேயே தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016-ல் நிலக்கரிப் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்க ஆரம்பித்துப் பேர் வாங்கியது. அடைத்து வைப்பதுதான் புவியியலாளர் வேலை, அதில்தான் சிக்கல்.

நார்வே 1996-லிருந்து வடகடலின் அடியில், கடல் தரைக்குக் கீழே சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்து மணற்பாறையில், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் என்ற அளவில் வாயுவைச் செலுத்தியது. வாயு மேலே ஏறிவிடாமல் களிமண் பாறை மூடிபோல் தடுக்கிறது. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. 2012-ல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் விட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-ல் அறிவித்தார்கள். இதில் ஒரு விலை உண்டு: ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர்! ஐஸ்லாந்துக்குக் கட்டுப்படியாகும். இந்தியாவில் தக்காணத்து எரிமலைப் பாறையும், காவிரிப் படுகை போன்ற படிவுப் பாறைகளும் பேசப்படுகின்றன. 2022-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் இதற்கென்று தேசிய மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

பாறசாலைக் கருங்கல்லில் வாயுவை அடைக்க முடியாது. அதில் துவாரமே இல்லை. ஆனால் அடைக்கிறவர்கள் கேட்கும் கேள்வி அத்தனையும் நுளியத்தில் கேட்ட கேள்விகள்தான். வாயு சீராகப் பரவுமா, விரிசலைத் தேடி ஓடுமா? பாறையோடு வினை புரிந்தால் விரிசல் அடைபடுமா, இன்னும் திறக்குமா? எவ்வளவு தூரம் போனால் நிற்கும்? சோதனைக் கிணறுகள் இதற்குச் சொல்லும் பதில் 30 ஆண்டு அனுபவம். கருங்கல் வேறு கால அளவில் பதில் சொல்கிறது. வெப்பமும் ஆழமும் வேறு, அதனால் அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது என்பதும் உண்மை. 20 கிலோமீட்டர் ஆழத்தில் 700 டிகிரியில் நடந்தது, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 40 டிகிரியில் அப்படியே நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டத்தின் கணக்குத்தான் பொது.

சந்தோஷ் ஜப்பானிய விஞ்ஞானி ஓமோரியோடு 2008-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்னும் சங்கடமான இடத்தைத் தொடுகிறது. மேன்டிலிலிருந்து வளிமண்டலத்துக்குக் கரியமில வாயு போகும் ‘ஜன்னல்கள்’ பற்றியது அது. கண்டங்கள் மோதும்போது அடித்தளப் பாறைகளில் சேர்ந்திருந்த வாயு இப்படிப்பட்ட வாசல்கள் வழியே வெளியேறியிருக்கும் என்றும், பூமி முழுக்கப் பனியால் மூடியிருந்த காலம் முடிந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஊகம் என்று அவர்களே தலைப்பில் ஒப்புக்கொண்ட விஷயம்தான். ஆனாலும் ‘அடைத்துவிட்டோம், முடிந்தது’ என்று சொல்கிறவர்கள் படிக்க வேண்டிய ஊகம்.

குவாரிக்கு வருவோம். இந்த ஆராய்ச்சி முழுக்கக் குவாரிக்குக் கடன்பட்டது. கேரளத்து மழையில் பாறை மட்கிச் செம்மண்ணாகிவிடும். அதன் மேல் ரப்பரும் மரவள்ளியும். வெடி வைத்து உடைத்த புது முகத்தில்தான் வரி கரைந்து திட்டாவது தெரியும். கப்பல்துர்கா குவாரி, கோட்டவட்டம் குவாரி. கல் உடைத்தவர்கள் இல்லாவிட்டால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதே கையால்தான் அது போகவும் போகிறது. இந்த வருஷம் ஆராய்ச்சியாளர் சாக்பீஸால் குறித்துவிட்டு வந்த திட்டு அடுத்த வருஷம் ஏதாவது ஒரு வீட்டின் கான்கிரீட்டில் இருக்கலாம், எம்-சாண்டாக. வேலை நின்ற பாறமடையில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிடும். முகம் பாதி மூழ்கும்.

தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் சென்னைப் பரங்கிமலைச் சார்னோகைட் இருக்கிறது. கேரளத்திலிருந்து அங்காடிப்புரத்துச் செம்பாறையும் வர்க்கலைக் குன்றும் இருக்கின்றன. பரங்கிமலையில் காப்பாற்றப்பட்டிருப்பது உருவாகி முடிந்த சார்னோகைட். புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் மசோதாவின் வரைவை மத்திய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது. உருவாகிக்கொண்டிருந்தபோது நின்றுபோன சார்னோகைட் இருப்பது பெரும்பாலும் தனியார் குவாரிகளில். அங்கிருந்து புறப்படும் லாரியிடம் செக்போஸ்டில் கேட்பது கல்லின் எடை, நடைச்சீட்டின் தேதி, போகும் ஊர்.